கர்ப்பப்பையில் கட்டி இருக்கா? "இது கட்டி வலிதான்" என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீங்க

(கர்ப்பிணித் தாய்மார்களுக்கான கூட்டம் ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம்)

கர்ப்பிணித் தாய்மார்கள், கூட வந்திருக்கிற கணவர்கள், அம்மாக்கள், மாமியார்கள், எல்லோரும் உட்காருங்க. இதை ஃபோனில் படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். ஸ்கேன் எடுத்த பிறகு, "குழந்தை நல்லா இருக்கும்மா, கர்ப்பப்பையில ஒரு சின்னக் கட்டி இருக்கு, பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொல்கிறார். அந்த ஒரு வரியைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. மீதிப் பேர் அந்த ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்தே போகிறார்கள். இரண்டுமே சரியில்லை. பயப்படவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். இந்தக் கட்டி என்ன செய்யும், என்ன செய்யாது, நாம் எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், இது என்ன கட்டி?

ஆங்கிலத்தில் ஃபைப்ராய்டு என்று சொல்வது இதைத்தான். தமிழில் நார்த்திசுக்கட்டி, நார்க்கட்டி என்று சொல்வோம். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையே ஓரிடத்தில் உருண்டையாகத் திரண்டு வளர்வதுதான் நார்க்கட்டி. பட்டாணி அளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். ஒன்று மட்டும் இருக்கலாம், ஐந்தாறும் இருக்கலாம்.

இரண்டு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். ஒன்று, இது புற்றுநோய் இல்லை. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் "கேன்சரா டாக்டர்?" என்று கேட்கிறீங்க. நார்க்கட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே சாதாரணக் கட்டிகள்தான். இரண்டாவது, இது நீர்க்கட்டியும் இல்லை. நீர்க்கட்டி என்பது சினைப்பையில் வருவது. நார்க்கட்டி கர்ப்பப்பைச் சுவரில் வருவது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீர்க்கட்டிக்குக் கொடுத்த மாத்திரையும் சாப்பாட்டு முறையும் உங்கள் நார்க்கட்டிக்குப் பொருந்தாது.

30 வயதைத் தாண்டியவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இப்போது கல்யாணமும் தலைப்பிரசவமும் முன்பைவிடத் தள்ளிப்போகின்றன. ஸ்கேன் வசதியும் பெருகியிருக்கிறது. அதனால்தான் "எங்க காலத்துல இதெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே" என்று பாட்டிமார்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலும் கட்டி இருந்தது, பார்க்கிறதுக்கு ஸ்கேன்தான் இல்லை. இன்றைக்குக் கர்ப்ப கால ஸ்கேன் செய்துகொள்கிறவர்களில் 100-க்கு 2 முதல் 10 பேர் வரை நார்க்கட்டி இருப்பது தெரியவருகிறது. நீங்கள் தனி ஆள் இல்லை.

குழந்தை வளர வளர கட்டியும் வளருமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கட்டி வளர்ந்து குழந்தையை நசுக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பாதீங்க. பெரும்பாலான கட்டிகள் கர்ப்ப காலம் முழுக்கப் பெரிய மாற்றம் இல்லாமல் அப்படியே இருக்கும். வளர்கிற கட்டிகளும் அதிகமாக வளர்வது முதல் மூன்று மாதத்தில்தான். குழந்தை பிறந்த பிறகு பல கட்டிகள் தானே சுருங்கிவிடும்.

ஆகவே, "கட்டி இருக்கு, இந்தக் குழந்தை வேண்டாம், கலைச்சிடலாமா?" என்று யாராவது வீட்டில் பேச்சை எடுத்தால், உடனே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. கட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கும்போதே கட்டியை ஆபரேஷன் செய்து எடுப்பதும் மிக மிக அபூர்வம். கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கும், அந்த நேரத்தில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அதனால்தான் டாக்டர் "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்கிறார். அலட்சியத்தால் சொல்வதில்லை.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. முக்கியமானது குறைமாதப் பிரசவம். 37 வாரம் முடிவதற்கு முன்னால் குழந்தை பிறந்தால் அது குறைமாதம். உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிறக்கிற பத்துக் குழந்தைகளில் ஒன்று. எண்ணிக்கையில் நம் நாடுதான் முதலிடம், சுமார் 30 லட்சம்.

நார்க்கட்டி இருந்தால் இந்த ஆபத்து எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கட்டி இல்லாத கர்ப்பிணிகளில் 100-க்கு சுமார் 11 பேருக்குக் குறைமாதப் பிரசவம் ஆகிறது. கட்டி இருப்பவர்களில் 100-க்கு சுமார் 16 பேருக்கு ஆகிறது. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் பாருங்க. கட்டி இருந்தும் 84 பேர் மாதம் நிறைந்துதான் பெற்றெடுக்கிறார்கள். அதனால் தைரியமாக இருங்க. ஆனால் 11 என்பது 16 ஆகிறதே, அந்தக் கூடுதல் ஐந்து பேரில் நாமும் இருக்கலாம். அதனால் விழிப்பாகவும் இருங்க.

குழந்தை தலை கீழாகத் திரும்பாமல் குறுக்காகவோ, கால் கீழாகவோ இருப்பது கட்டி இருப்பவர்களிடம் அதிகம், உள்ளே இடத்தைக் கட்டி பிடித்துக்கொள்வதால். 100-க்கு 13 பேருக்கு இப்படி ஆகிறது, மற்றவர்களில் 4 அல்லது 5 பேருக்குத்தான். அதனால் சிசேரியனும் கூடுதல். நச்சுக்கொடி முன்கூட்டியே சுவரிலிருந்து பிரிவது மற்றவர்களில் 100-க்கு ஒருவருக்கு என்றால், இவர்களில் 3 பேருக்கு. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கும் கொஞ்சம் அதிகம்.

எல்லாக் கட்டியும் ஒன்றில்லை

ஆபத்து யாருக்குக் கூடுதல் என்பதை மூன்று கேள்விகளை வைத்துச் சொல்லலாம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இந்த மூன்றையும் நீங்களே கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

முதல் கேள்வி: "கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கட்டி?" இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கட்டி பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. 5 சென்டிமீட்டருக்கு மேல் போனாலும், பல கட்டிகள் இருந்தாலும் கவனம் கூட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "கட்டி எந்த இடத்தில் இருக்கு?" ரிப்போர்ட்டில் சப்சீரோசல் என்று இருந்தால் கர்ப்பப்பையின் வெளிப்பக்கம். இன்ட்ராமியூரல் என்றால் சுவருக்குள்ளே. சப்மியூகோசல் என்றால் குழந்தை இருக்கிற உள்பக்கம் நோக்கித் துருத்திக்கொண்டிருக்கிறது. கட்டி கீழே, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் குழந்தை வருகிற வழியை அடைக்கலாம். அதைப் பிரசவத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி, மிக முக்கியம்: "நச்சுக்கொடி கட்டி மேல ஒட்டியிருக்கா?" குழந்தைக்குச் சோறும் மூச்சும் போவது நச்சுக்கொடி வழியாகத்தான். அது கட்டியின் மேல் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையலாம், முன்கூட்டியே பிரிந்துபோகிற ஆபத்தும் அதிகம். அப்படி இருப்பவர்கள் ரத்தக்கசிவு, விடாத வலி, குழந்தை அசைவு குறைவது ஆகிய மூன்றிலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். கர்ப்பத்துக்கு முன்பே கட்டி எடுக்கிற ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்க. "அது பழைய கதை" என்று விடாதீங்க. தையல் போட்ட இடம் பிரசவ வலியைத் தாங்குமா என்பதைப் பார்த்துத்தான் சுகப்பிரசவமா, சிசேரியனா என்று முடிவு செய்வார்கள். முடிந்தால் அந்த ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் கொண்டுவாங்க.

"இது கட்டி வலிதான்"

இப்போது இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். நார்க்கட்டி இருக்கிற கர்ப்பிணிக்கு வீட்டில் நடக்கிற பெரிய ஆபத்து, எந்த வலி வந்தாலும் "இது கட்டி வலிதான்" என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிடுவது. கட்டியைவிட இதுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

கட்டி வலி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து ஏழாம், எட்டாம் மாதம் வரைக்கும் சில பெரிய கட்டிகளுக்குப் போதுமான ரத்தம் கிடைக்காமல் உள்ளே திசு சிதையும். அப்போது ஒரே இடத்தில் குத்துவது போல வலிக்கும். அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கும். லேசாகக் காய்ச்சல், குமட்டல்கூட இருக்கலாம். ஓய்வும், டாக்டர் தருகிற வலி மருந்தும் இருந்தால் பெரும்பாலும் சில நாளில் தணியும். ஆனால் இந்தச் சிதைவின்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வெளிவரும். அதே பொருள்தான் கர்ப்பப்பையைச் சுருங்கவும் வைக்கும். அதாவது கட்டி வலியாக ஆரம்பித்தது பிரசவ வலியாக மாறலாம். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. வலி வந்தால் சீரகத் தண்ணி வைத்துக் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்று கணக்கு. சீரகத் தண்ணி குடிக்கிறதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் 37 வாரம் ஆகாத கர்ப்பிணிக்கு, அதுவும் கட்டி இருப்பவருக்கு, அடங்குதா பார்ப்போம் என்று காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் கணக்கிலிருந்து கழிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு 31 வாரம். கணவர் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு இடுப்பு வலி. "கட்டி வலிதான்டா கண்ணு, படுத்துக்கோ" என்கிறார் மாமியார், அன்பாகத்தான் சொல்கிறார். விடிகாலை 4 மணிக்குப் பனிக்குடம் உடைகிறது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி, வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிடுகிறது.

அதே பெண் 11 மணிக்கே கிளம்பியிருந்தால்? அந்த ஐந்து மணி நேரத்தில் நிறைய நடந்திருக்கும். 34 வாரத்துக்குள் குறைமாதப் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அது குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தும். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வராமல் காக்கிற முக்கியமான ஊசி அது. ஆனால் ஊசி போட்ட உடனே வேலை முடிந்துவிடாது. முழுப் பலன் கிடைக்க சுமார் 24 மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதிக்க, கர்ப்பப்பை சுருங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிற மாத்திரை கொடுப்போம். 32 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் கொடுப்பதுண்டு. பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்பி வைப்போம். பிறந்த பிறகு ஒன்றரைக் கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, தாய் வயிற்றிலேயே கொண்டுபோவது ரொம்பப் பாதுகாப்பு.

இத்தனையும் செய்ய எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், நேரம். அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வந்து பார்த்து, அது கட்டி வலி மட்டும்தான் என்று தெரிந்தால்? ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு அனுப்பி வைப்போம். "சும்மா வந்து தொந்தரவு கொடுத்துட்டோமே" என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். அடுத்த தடவை வலித்தாலும் மறுபடி வாங்க.

எப்போது கிளம்ப வேண்டும்?

37 வாரம் முடிவதற்கு முன்னால் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க:

• வயிறு முழுக்க இறுகி, பிறகு தளர்வது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போல வருவது. வலி இல்லாமல் வெறும் இறுக்கமாக இருந்தாலும் கணக்குத்தான்.

• விட்டு விட்டோ, விடாமலோ இடுப்பு, முதுகின் கீழ்ப்பக்கம் வலிப்பது. மாதவிலக்கு நேரத்து வலி போல அடிவயிறு பிடிப்பது.

• குழந்தை கீழே இறங்கி அழுத்துவது போன்ற உணர்வு.

• தண்ணீர் போலக் கசிவது, அல்லது வெள்ளைப்படுதல் திடீரென்று அதிகமாவது, ரத்தம் கலந்து வருவது.

• கட்டி இருக்கிற இடத்தில் வலி கடுமையாவது, காய்ச்சல் வருவது.

இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பஸ், ஆட்டோ பார்க்காமல் உடனே 108: ரத்தப்போக்கு; வயிறு கல்லு போல இறுகி விடாமல் வலிப்பது; குழந்தையின் அசைவு நின்றுவிட்டது அல்லது வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. நச்சுக்கொடி பிரியும்போது ரத்தம் சில நேரம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கும். ஆகவே "ரத்தம் ஒண்ணும் படலையே" என்று சமாதானம் ஆகிவிடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. வலி என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாதீங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய ரத்தக்குழாயையும் பாதிக்கலாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

எட்டு மாசக் குழந்தை தங்காதா?

"ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது" என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. இது தவறு. வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 34 வாரக் குழந்தை 30 வாரக் குழந்தையைவிடப் பலமாகவே இருக்கும். இந்தப் பேச்சை நம்பி எட்டாம் மாதத்தில் வலி வந்தவரை யாரும் கைவிட்டுவிடக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்தக் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை அங்கே சொல்லித் தருவார்கள். அப்பாவும் இதைச் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். தாய்ப்பாலும் இந்த அணைப்பும் குறைமாதக் குழந்தைக்குப் பெரிய மருந்து.

படுத்தே கிடக்க வேண்டுமா?

வேண்டாம். கட்டி இருக்கிறது என்று மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. படுக்கையிலேயே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம், அது வேறு ஆபத்து. டாக்டர் தனியாகச் சொன்னால் ஒழிய, வழக்கமான வீட்டு வேலை, மெதுவான நடை எல்லாம் இருக்கட்டும். பாரம் தூக்குவதை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கவனிக்க வேண்டியது ரத்தசோகை. நார்க்கட்டி இருந்தவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போயிருக்கும். உடம்பில் இரும்புச்சத்து காலியாகித்தான் கர்ப்பமே ஆரம்பிக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது. பிரசவத்தில் கொஞ்சம் கூடுதல் ரத்தம் போனாலும் தாங்கிக்கொள்ள இது அவசியம். அரசு தருகிற இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினமும் போடுங்க. டீ, காபி குடித்த கையோடு போடாதீங்க, சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீங்க, ஒன்று காலை, ஒன்று ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்க. மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற வசதி இருக்கிறது, கேளுங்க.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஏழாம் மாதம் என்பது, குறைமாதப் பிரசவம் நடந்தால் குழந்தைக்கு மிகச் சிரமமான காலம். அந்த நேரத்தில் ஊர் மாறுகிறது, ஆஸ்பத்திரி மாறுகிறது, டாக்டர் மாறுகிறார். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. புது ஊரில் ராத்திரி வலி வந்தால், கட்டி எங்கே இருக்கிறது, நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஆகவே புடவை, வளையல் எடுத்து வைப்பதற்கு முன்னால் தாய் சேய் நல அட்டையையும் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரு பையில் எடுத்து வையுங்க. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, "எனக்குக் கட்டி இருக்கு, இத்தனை வாரம்" என்று சொல்லுங்க. பிக்மியில் பதிவு செய்தபோது உங்களுக்குக் கிடைத்த ஆர்.சி.எச். எண்ணைக் கொடுங்க. அந்த எண் பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீங்க, நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் உங்களைத் தொடர்ந்து கவனிக்க உதவுகிற எண் அது.

பிரசவம் எங்கே என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்க. கட்டி சின்னதாக இருந்து, மற்ற எல்லாம் சரியாக இருந்தால் டாக்டர் சொல்கிற இடத்தில் பார்க்கலாம். கட்டி பெரிதாக இருந்தாலோ, கீழே வழியை அடைத்தாலோ, நச்சுக்கொடி அதன் மேல் இருந்தாலோ, சீமாங் மையம் இருக்கிற மருத்துவமனைதான் சரி. அங்கே 24 மணி நேரமும் சிசேரியன் செய்யவும், ரத்தம் ஏற்றவும் வசதி உண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எதற்கும் கர்ப்பிணியிடம் கட்டணம் கிடையாது.

உங்கள் ஃபோனில் இன்றைக்கே செய்ய வேண்டியவை

எல்லோர் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது. ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க.

1. கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கத்தையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்க. கணவர், அம்மா, மாமியார் மூன்று பேர் ஃபோனுக்கும் அனுப்புங்க.

2. 108-ஐ அவசரத்துக்கும், 104-ஐ மருத்துவ ஆலோசனைக்கும் பெயர் போட்டுச் சேமியுங்க. கூடவே உங்கள் கிராம அல்லது நகர சுகாதார செவிலியர் நம்பரும் இருக்கட்டும். 104-க்குக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கலாம். ஆனால் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக 108.

3. ஃபோனில் ஒரு குறிப்பு எழுதி வையுங்க: பிரசவ தேதி, ரத்த வகை, கட்டியின் அளவு, இடம், நச்சுக்கொடி எங்கே, முன்பு செய்த ஆபரேஷன், ஆர்.சி.எச். எண். ஆம்புலன்ஸில் ஏறும்போது இதைக் காட்டினால் போதும், பதற்றத்தில் எதுவும் மறந்துபோகாது.

4. வீட்டுக்கு வருகிற வழியைச் சொல்லப் பக்கத்தில் இருக்கிற கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஒரு அடையாளத்தை முடிவு செய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்க. ராத்திரியில் 108 டிரைவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

5. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதிக்கு அலாரம் வையுங்க. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் அன்றைக்கு நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவரே நேரில் பரிசோதிப்பார். கட்டி பற்றிய மூன்று கேள்விகளையும் கேட்க நல்ல நாள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, கணவர்களுக்கும் பெரியவர்களுக்கும். ராத்திரி வலி வந்தால் பெண் தானாக "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்ல மாட்டாள். மாமனார் தூங்குகிறார், காலையில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது, போன வாரம்தான் போய் வந்தோம் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வாள். அவள் முகத்தைப் பார்த்து நீங்கள்தான் கேட்க வேண்டும். "இறுக்கம் விட்டு விட்டு வருதா? குழந்தை அசையுதா? தண்ணி கசியுதா?" இந்த மூன்றையும் கேளுங்க. ஒன்றுக்கு பதில் சரியில்லை என்றாலும் வண்டியைக் கூப்பிடுங்க. முடிவை அவள் தலையில் கட்டாதீங்க.

மாமியார்களே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறோம். மாதம் நிறைந்த பெண்ணுக்கு வருகிற வலியை எங்களைவிட நன்றாகப் பார்த்தவர்கள் நீங்கள். ஆனால் மாதம் நிறையாத வலி வேறு. அதைப் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. "கட்டி வலியா, பிரசவ வலியா, டாக்டர் சொல்லட்டும், கிளம்பு" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அந்த வீட்டில் வேறு யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

இப்போது கேள்விகளுக்கு வரலாம். கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் செவிலியரிடம் தனியாகக் கேளுங்க, அவர் என்னிடம் சொல்வார். ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர்கள் முன்னால் வாங்க, நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.